‘வெறும் பாய்’ என்று சொல்லாதே!

அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே ஒரே ஓட்டம். எதையோ இழுக்கிற சத்தம், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே எதையோ செருகுகிற சத்தம். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

திருநகரில் ஒரு வாடகை வீடு. என் நண்பரின் மகள் குடியிருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன்னால் திருப்பரங்குன்றம் கோயிலில் கல்யாணம் நடந்தது. “வாங்க மாமா, வாங்க” என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். கண் மட்டும் பீரோ பக்கம் போய்ப்போய் வந்தது. கூடத்தின் நடுவில் ஒரு விரிப்பு. சிவப்பு, நீலம், தங்க நிறம், மையத்தில் தாம்பாளம் அளவுக்குப் பூ, ஓரமெல்லாம் மினுமினுப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. சுவரில் மாட்டிய கல்யாணப் படம் படவில்லை. ஜன்னலோரத்துத் துளசித் தொட்டி படவில்லை. அந்தப் பிள்ளை கட்டியிருந்த அழகான சுங்குடிச் சேலைகூட அந்த விரிப்பின் மேல் நின்றபோது செத்துப்போய்த் தெரிந்தது. தவணையில் வாங்கியதாம். இன்னும் நாலு தவணை பாக்கி.

“பீரோவுக்குப் பின்னாடி என்னம்மா?”

“அது ஒண்ணுமில்ல மாமா. வெறும் பாய். அம்மா சீர்ல வச்சது. யாராச்சும் வந்தா ஒரு மாதிரியா இருக்குமேன்னு...”

எடுத்துப் பார்த்தேன். பத்தமடைப் பாய்! வைக்கோலும் சந்தனமும் கலந்த நிறம், மெல்லிய அரக்குக் கரை, ஓரத்தில் மணமகன் பெயர், மணமகள் பெயர், கல்யாணத் தேதி. தன் பெயரை நெய்து கொடுத்த பாயைத்தான் அந்தப் பிள்ளை பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தது.

தம்பி, தங்கச்சி, இந்தக் கட்டுரையை உனக்காகத்தான் எழுதுகிறேன். மணிச்சத்தம் கேட்டதும் பாயைச் சுருட்டும் கை உன்னுடையது என்றால், நில். அந்தப் பாய்க்குள் வைத்து எதைச் சுருட்டுகிறாய் தெரியுமா? உன் கண்ணை. ‘எனக்கு இதுதான் பிடிக்கிறது’ என்று நிமிர்ந்து சொல்லும் குரலை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார், கணவன் வீட்டார் என்ன நினைப்பார், அலுவலக நண்பர் என்ன நினைப்பார் என்று அடுத்தவர் நினைப்பை விலைகொடுத்து வாங்கி, அதையும் தவணையில் வாங்கி, உன் வீட்டு நடுக்கூடத்தில் விரித்து வைத்திருக்கிறாய். உன் வீட்டில் உனக்கு நடக்க இடம் இருக்கிறதா?

‘வெறும்’ என்ற அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. வெறும் பாய், வெறும் தரை, வெறும் வெள்ளை. சாயம் ஏறாத எதையும் பார்த்தவுடன் ‘வெறும்’ என்கிறோம். வீட்டு உள்ளலங்காரம் படித்தவர்கள் இதே நிறங்களை ‘நியூட்ரல்’ என்கிறார்கள். வைக்கோல் நிறம், மணல் நிறம், சாம்பல், வெளுக்காத பருத்தியின் கோரா நிறம், செம்மறி ரோமத்தின் பழுப்பு. சணலில் இந்த நிறத்தில் ஒரு விரிப்பைக் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் மாட்டி வைத்தால் விலைச்சீட்டைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். அதே நிறத்தில் ஆத்தா கொடுத்த பாய் மட்டும் ஒளிக்க வேண்டிய பொருளாகிவிடுகிறது. இது என்ன நியாயம்?

நாளைக் காலை ஆறு மணிக்கு வாசலுக்கு வந்து நம் மலையைப் பார். திருப்பரங்குன்றத்தில் பிறந்தவனுக்கு அழகு சொல்லித்தர வேறு பள்ளிக்கூடம் வேண்டாம். எந்தச் சாயமும் இல்லாத ஒற்றைக் கல். விடியும்போது இளஞ்சிவப்பு, உச்சியில் சாம்பல், மழை நனைத்தால் கருப்பு, அந்தியில் தேன். நிறமே இல்லை என்று நீ நினைத்த கல் ஒரு நாளைக்கு எத்தனை நிறம் காட்டுகிறது பார்!

அந்த மலையின் குகையில் கற்படுக்கைகள் இருக்கின்றன. சமணத் துறவிகள் படுப்பதற்காக 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் செதுக்கியவை. மெத்தை இல்லை, பூ வேலை இல்லை, வழவழவென்று தேய்த்த கல் மட்டும். ஆனால் பக்கத்திலேயே தமிழி எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். எருக்காட்டூரில் இருந்த ஈழத்துக் குடும்பத்தலைவன் பொலாலையன் கொடுத்தான், ஆய்சயன் நெடுசாத்தன் செய்தான் என்று அறிஞர்கள் வாசித்திருக்கிறார்கள். கொடுத்தவன் பெயரோடு செய்தவன் பெயரும்! படுக்க ஒரு தரை கொடுத்ததைப் பெருமை என்று நினைத்துக் கல்லில் எழுதினார்கள் அந்த மனிதர்கள். அவர்கள் ஊர்க்காரர் நாம். நம் பெயர் நெய்த பாயை ஒளித்து வைக்கிறோம்.

இன்னும் கேள். அடிவாரத்துக் கோயில் பாண்டியர் குடைந்த குடைவரை. பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில், கி.பி. 773-ஐ ஒட்டி, அவன் அதிகாரி சாத்தன் கணபதி திருப்பணி செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கருவறையில் முருகன் தனியாகச் செய்து வைத்த சிலை இல்லை, மலையிலேயே புடைத்து நிற்கிறார். அதனால்தான் அபிஷேகம் மூலவருக்கு இல்லாமல் வேலுக்கு நடக்கிறது. விசேஷ நாளில் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாயா? அரளி, மல்லிகை, பட்டு, வெள்ளி, எண்ணெய் விளக்கின் மஞ்சள். இத்தனை நிறமும் ஜொலிப்பதற்குக் காரணம் பின்னால் நிற்கும் அந்தச் சாம்பல் கல். அதற்கு யாராவது வண்ணப்பூச்சு அடித்திருந்தால் அத்தனை பூவும் காணாமல் போயிருக்கும்.

வீட்டுத் தரையின் வேலையும் இதுதான். அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேச்சு கேட்கும்? தரை அமைதியாக இருந்தால் உன் துளசி பச்சையாகத் தெரியும். பிள்ளையின் சிவப்பு ரயில் வண்டி தெரியும். சுங்குடிச் சேலையின் ஒவ்வொரு புள்ளியும், அதை முடிச்சிட்ட விரல்களின் பொறுமையும் தெரியும். அமைதியான விரிப்பை விரிப்பவர்கள் ‘இந்த வீட்டில் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்’ என்று சொல்கிறார்கள். அதைச் சொல்லத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் உன்னிடம் இருக்கிறது. இல்லை என்று யாரோ நம்ப வைத்திருக்கிறார்கள்.

எளிய நிறத்தின் வீரம் என்ன என்று தெரிய வேண்டுமா? இங்கிருந்து பஸ் ஏறி மதுரை மேலமாசி வீதிக்குப் போ. 1921 செப்டம்பர் 22. முந்திய நாள்வரை சட்டையும் தொப்பியும் நீள வேட்டியுமாக வந்த காந்தி, அந்த வீதியில் தங்கியிருந்த வீட்டு மாடியில் எல்லாவற்றையும் களைந்துவிட்டு முழங்கால் வரைக்குமான ஒரு கதர்த் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கதர் உடுத்துங்கள் என்று அவர் சொன்னபோது, கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்று ஏழைகள் சொன்ன பதில் அவரைத் தைத்திருந்தது. கூட இருந்தவர்கள் தயங்கினார்கள். அவர் தயங்கவில்லை. பத்தாண்டு கழித்து 1931-ல் லண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைப் பார்க்க அரண்மனைக்குப் போனபோதும் அதே எளிய உடைதான். நடுங்கினாரா? யாராவது வருகிறார்கள் என்று எதையாவது ஒளித்தாரா? பேரரசின் பளபளப்புக்கு நடுவே ஒரு முழத்துண்டு நிமிர்ந்து நின்றது. அந்த நிமிர்வு தொடங்கிய ஊர் மதுரை. நீ நின்று பேசும் மண் இது!

எளிமை என்றால் உழைப்பில்லாதது என்று எவனாவது சொன்னால் அவனைப் பத்தமடைக்கு அனுப்பு. தாமிரபரணிப் பக்கத்து ஊர். கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, ஒவ்வொரு தண்டையும் நூல் மாதிரி கிழிக்கிறார்கள். கிழிக்கக் கிழிக்கத்தான் பாய் நயமாகும். தரையோடு தரையாகக் கட்டிய தறியில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு இழையாகக் கோத்து, நெருக்கி அடித்து நெய்கிறார்கள். பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். 100 பாவு, 120 பாவு, 140 பாவு என்று எண்ணிக்கை ஏற ஏறப் பாய் பட்டாகிவிடும், துணி போல மடியும். அந்த ரகத்தில் ஒன்று முடியப் பல வாரம் ஆகும். புவிசார் குறியீடு வாங்கிய நெசவு. அங்கே போய் நின்று ‘வெறும்’ என்ற சொல்லைச் சொல்லிப் பார், நாக்கு எழும்புகிறதா என்று!

கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் கோரையைப் பயிராகவே வளர்க்கிறார்கள். அன்றாடப் படுக்கைக்கான பாய் அங்கிருந்து வருகிறது. பிளாஸ்டிக் பாய் வந்து இந்த உழைப்பின் வயிற்றில் அடித்தது. விலை குறைவு, நிறம் அதிகம், நனைந்தாலும் கவலையில்லை. வாங்கியவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், கையில் இருக்கும் காசுக்குத்தான் வாங்க முடியும். ஆனால் வாங்க வசதி இருந்தும், பிடித்திருந்தும், ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று கோரையைத் தள்ளியவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறேன். அந்த நாலு பேரில் ஒருவராவது உன் தவணையைக் கட்டுவாரா?

ஜப்பானில் அறையின் அளவையே பாய்க் கணக்கில்தான் சொல்கிறார்கள். நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை. அவர்களுடைய தாதாமிப் பாயின் மேல்நெசவு இகுசா என்னும் கோரை போன்ற புல். புதிதில் பச்சையாக இருந்து, நாள்பட வைக்கோல் நிறத்துக்கு வரும். வந்த விருந்தாளியை அதன்மேல் உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பது அங்கே பெரும் மரியாதை. மொராக்கோவின் அட்லஸ் மலையில் பெனி ஊரைன் குடிப் பெண்கள் சாயம் போடாத ஆட்டுரோமத்தில், பால் நிறத்தின் மேல் கருங்கோடு ஓடவிட்டு, குளிருக்குப் போர்த்தவும் படுக்கவும் நெய்த விரிப்புகளை இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் தேடி வாங்கித் தங்கள் கூடங்களில் விரித்தார்கள். அந்தப் பெண்கள் யாருக்காகவும் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உலகம்தான் அவர்களிடம் வந்தது.

நானும் சுருட்டியவன்தான். பத்தாம் வகுப்பில் வசதியான வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னான். “பாயை உள்ளே போடும்மா” என்றேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. சந்நிதித் தெருவில் தோளில் சுமந்து விற்றவரிடம் பேரம் பேசி, நாலு வருடமாக நிழலில் உலர்த்தி உலர்த்திக் காப்பாற்றிய பாய் அது. எடுத்துச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்த முதுகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உனக்கு அப்படி ஒரு முதுகு நினைவில் தங்கக் கூடாது. அதனால்தான் இவ்வளவு சத்தம் போடுகிறேன்.

சரி, எழுந்திரு. வீரம் என்பது கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை, தெரிந்துகொண்டு செய்வது. டேப்பை எடு. அறையை அள. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்துக்கு நாலுக்கு ஆறு விரிப்பு வாங்கினால் அது நடுக்கடலில் தோணி மாதிரி மிதக்கும், அறையும் சுருங்கித் தெரியும். சுவரிலிருந்து ஒன்றரை அடி, இரண்டடி தரை தெரியும்படி விட்டு, ஆறுக்கு ஒன்பது போடு. சோபா இருந்தால் அதன் முன்கால்களாவது விரிப்பின் மேல் ஏறி நிற்க வேண்டும். கடைக்குப் போவதற்கு முன் பழைய செய்தித்தாளை அந்த அளவுக்குத் தரையில் பரப்பி ஒரு நாள் நடந்து பார். கதவு இடிக்கிறதா, பாட்டி கால் தட்டுகிறதா, அப்போதே தெரிந்துவிடும். காசு செலவில்லாத பாடம்.

நிறத்துக்கு வா. பாய் நிறம் எல்லாம் ஒன்றல்ல. வைக்கோல், மணல், சந்தனம் எல்லாம் மஞ்சள் பக்கம் சாய்ந்தவை, சூடான நிறம். சாம்பல் வகை நீலத்தின் பக்கம் சாய்ந்தது, குளிர்ந்த நிறம். சிவப்புச் சாந்துத் தரை உள்ள பழைய வீட்டில் கோரையின் வைக்கோல் நிறத்தைப் போட்டால் இரண்டும் தாயும் பிள்ளையும் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையா? அதுவே பேசும், நீ குறுக்கே பேசாதே. உட்காரும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒன்று போதும். இப்போது கட்டும் வீடுகளில் எல்லாம் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். மதுரை வெயில் ஜன்னல் வழியாக அதில் விழுந்து கண்ணில் குத்துகிறது. அந்தக் கூச்சத்தை அடக்குவதற்குச் சணலும் கோரையும் போல எதுவும் இல்லை. நெசவின் மேடுபள்ளம் வெளிச்சத்தை உடைத்துப் பரப்பிவிடும். வாங்குவதற்கு முன் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பகல் பத்து மணிக்கு ஒரு தடவை, இரவு விளக்கில் ஒரு தடவை தரையில் வைத்துப் பார். வெள்ளை எல்இடி விளக்கில் சாம்பல் நிறம் வெளிறி நீலம் பாயும், ஏமாந்துவிடாதே.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அமைதியான நிறத்தை எடுத்துவிட்டு நெசவையும் மொண்ணையாக எடுத்தால் வீடு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும். நிறம் பேசாத இடத்தில் இழை பேச வேண்டும். வாசலில் முரட்டுத் தென்னைநார், கூடத்தில் முறுக்கிய சணல் அல்லது பருத்தி, படுக்கையறையில் நயமான கோரை. ஹார்விபட்டியில் ஆலைத் தொழிலாளி வீட்டில் பிறந்தவனுக்கு வெளுக்காத நூலின் நிறத்தை நான் சொல்லித்தர வேண்டுமா? உன் தாத்தா அதைத் தினமும் கையில் பிடித்தவர். அந்த நூலில் அழுத்தி நெய்த விரிப்பைத் தேடு. பவானி ஜமக்காளத்தின் கோடுகளுக்கு நான் எதிரி இல்லை. கல்யாண மண்டபத்தில் நூறு பேர் உட்காரும்போது அந்தச் சிவப்பும் பச்சையும் ஊரையே மணக்கோலம் ஆக்கும். தினமும் நாலு பேர் வாழும் சின்னக் கூடத்துக்கு வேறு நியாயம், அவ்வளவுதான்.

பராமரிப்பா? பால் வெள்ளையில் ஒரு காபித் துளி விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும், அதனால் இரண்டு மூன்று இழை கலந்த நிறமாக எடு. நம் ஊர்த் தூசி அதில் தெரியாது. சணலை நனைக்காதே, கறுத்து நாறும். கோரையை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்து, முரட்டு ரகத்தை மடிக்காமல் சுருட்டி வை. பருத்தியைத் துவைத்துக்கொள்ளலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் விரிப்புக்கு அடியில் வழுக்காத ரப்பர் வலை கட்டாயம். அழகுக்காக ஒரு பாட்டியின் இடுப்பெலும்பைப் பணயம் வைக்கக் கூடாது.

இன்டீரியர் தொழிலில் இறங்கத் துடிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். “வெறும் பாயை விரிக்கவா உங்களுக்குக் காசு கொடுக்கணும்?” என்று முதல் வாடிக்கையாளரே கேட்பார். கூனிக் குறுகாதே. தரையின் நிறம், வெயில் விழும் திசை, இழையின் தடிமன், நெய்த ஊர், அங்கே பாவு எண்ணும் முறை, எல்லாவற்றையும் சொல். ஒரு துண்டு சணலையும் ஒரு துண்டு கோரையையும் அவர் வீட்டுத் தரையில் வைத்துக் காட்டு. தெரிந்தவன் குரல் தானாகவே நிமிரும். அவர் மறுத்தால் மறுக்கட்டும். அடுத்த வீட்டுக்குப் போ. பெரிய நகரத்துப் படத்தைச் செல்பேசியில் காட்டி ‘இதே மாதிரி செய்து தருகிறேன்’ என்று சொல்லும் பிழைப்பு உனக்கு வேண்டாம். மலையையும் கற்படுக்கையையும் தினமும் பார்த்து வளர்ந்த கண் உன்னுடையது.

திருநகர் வீட்டுக்கு இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே ஓட்டம் இல்லை, இழுக்கும் சத்தம் இல்லை. கதவு உடனே திறந்தது. ஜன்னல் வெயில் கூடத்தில் சாய்ந்து விழுந்திருந்தது. பத்தமடைப் பாயின் மேல் பாதி தொடுத்த மல்லிகைச் சரம், பக்கத்தில் நார், ஒரு தம்ளர் தண்ணீர். தொட்டியில் துளசி என்ன பச்சை!

“வாங்க மாமா” என்றாள் அந்தப் பிள்ளை. சரத்தை ஓரமாக நகர்த்தி, பெயர் நெய்த பக்கம் எனக்குத் தெரியும்படி கையைக் காட்டினாள். “உட்காருங்க.”